எல்லோரும் எதையோ மறைக்கும் மாளிகை: அகதா கிறிஸ்டியின் முதல் நாவல்

கொலை நடந்த வீட்டில் கொலையாளி ஒருவர்தான் பொய் சொல்லுவார் என்ற எண்ணத்தோடு துப்பறியும் நாவலைத் திறக்கும் வாசகரை அகதா கிறிஸ்டியின் ‘தி மிஸ்டீரியஸ் அஃபெயார் அட் ஸ்டைல்ஸ்’ வெகு விரைவில் தடுமாற வைத்துவிடும். இந்த நாவலில் உண்மையை முழுமையாகச் சொல்பவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். ஒருவர் மானத்துக்கு அஞ்சி மறைக்கிறார். ஒருவர் தான் நேசிப்பவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மறைக்கிறார். இன்னொருவருக்கு வீம்பு. இந்தச் சின்னச் சின்ன மறைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிக்கிக்கொள்ளும் இடத்தில், கொலையாளியின் பெரிய பொய் அடையாளம் தெரியாமல் கலந்து நிற்கிறது. மாளிகைக் கொலை நாவல்களில் சிக்கல் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், பூட்டிய கதவையும் விசித்திரமான நஞ்சையும் சுட்டிக்காட்டுவோர் பலர். எனக்கென்றால், ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டவற்றிலிருந்துதான் அது பிறக்கிறது. இந்த நாவலின் ஈர்ப்பும் அங்கேதான் இருக்கிறது.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டோர்க்கி நகரத்து மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை செய்துகொண்டே கிறிஸ்டி இதை எழுதினார். துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று அக்காள் மாட்ஜ் விட்ட சவாலே அதற்குத் தூண்டுதல். பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதியை இறுதியில் ஜோன் லேன் ஏற்றுக்கொண்டார். நூல் 1920இல் அமெரிக்காவிலும் 1921இல் பிரித்தானியாவிலும் வெளிவந்தது. கிறிஸ்டி தம் வாழ்நாளில் எழுதிய 66 துப்பறியும் நாவல்களில் இதுவே முதலாவது; கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ முதன்முதலாக நம் முன் தோன்றுவதும் இதில்தான். முதலில் எழுதப்பட்டபடி புவாரோ உண்மையை நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நின்று விளக்கினார் என்பதும், பதிப்பாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்தப் பகுதி வீட்டின் வரவேற்பறைக்கு மாற்றி எழுதப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கவை. சந்தேக நபர்கள் அனைவரையும் ஓர் அறையில் அமர்த்திவைத்து ஒவ்வொருவரின் மறைப்பையும் பகிரங்கமாக அவிழ்க்கும் அந்த முறை, பின்னாளில் இந்த வகை நாவல்களுக்கே முத்திரையாகிவிட்டது.

கதையின் அடிப்படை, நம்மவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. எசெக்ஸ் பகுதியிலுள்ள ஸ்டைல்ஸ் மாளிகையை கவெண்டிஷ் என்பவர் தம் இரண்டாம் மனைவி எமிலிக்கு அவளது ஆயுள் முழுவதற்கும் விட்டுவிட்டு இறந்துபோகிறார். வருமானத்தின் பெரும்பகுதியும் அவளுக்கே. முதல் தாரத்துப் பிள்ளைகளான ஜோனும் லோரன்ஸும் வளர்ந்து நடுவயதை நெருங்கிய பின்னரும் சிற்றன்னையின் கையை எதிர்பார்த்தே அந்த வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ‘சீவிய உருத்து’ என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. அந்த இரண்டு சொற்களால் சகோதரர்களுக்கிடையில் பேச்சு நின்றுபோன குடும்பம் ஒன்றையாவது அறியாத தமிழர் கொழும்பில் இருக்க முடியாது. இந்த நிலையில், எழுபது வயதைத் தொட்ட எமிலி, தன்னைவிட இருபது வயது இளையவரான அல்ஃபிரட் இங்கிள்தோர்ப் என்பவரைத் திருமணம் செய்துகொள்கிறார். கறுத்த தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து சேர்ந்த அந்தப் புதுக் கணவரை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இறுதி விருப்பாவணம் மாற்றி எழுதப்படுமா, எழுதப்பட்டால் யாருக்கு, முந்தியது செல்லுமா என்ற கேள்விகள் இரவு உணவு மேசையில் யாரும் வாய் திறக்காமலேயே சுற்றி வருகின்றன.

போர்முனையில் காயப்பட்டு ஓய்வுக்கு வந்த ஹேஸ்டிங்ஸ் என்ற அதிகாரி, பழைய நட்பின் பேரில் இந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறார். கதையைச் சொல்பவரும் அவர்தான். ஜூலை மாதத்து இரவொன்றில் எமிலியின் அறையிலிருந்து சத்தம் கேட்கிறது. அந்த அறைக்கு மூன்று கதவுகள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். உடல் வில்லாக வளைந்து துடிக்கும் அந்த மூதாட்டி சற்று நேரத்தில் இறந்துபோகிறார். ஸ்ட்ரிக்னைன் நஞ்சுதான் காரணம் என்பது அதிக நேரம் மறைவாக இருக்கவில்லை. ஆனால் அந்த நஞ்சு உடலில் விரைவாக வேலை செய்யக்கூடியது. அவர் கோப்பி குடித்ததோ இரவு உணவுக்குப் பின். உயிர் பிரிந்ததோ விடியலை நெருங்கும் வேளையில். இந்த இடைவெளியை எதனால் நிரப்புவது என்பதே நாவலின் மையப் புதிர். அது எவ்வாறு அவிழ்கிறது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அவிழும்போது ‘இது நமக்கு முன்பே காட்டப்பட்டதுதானே’ என்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தோன்றும் என்பதை மட்டும் சொல்லலாம்.

புவாரோ அந்த அறையைப் பார்வையிடும் அத்தியாயமே நூலின் சிறந்த பகுதி. தூளாக நொறுக்கப்பட்ட ஒரு கோப்பிக் கோப்பை, திறப்பு செருகியபடியே இருக்கும் ஒரு பெட்டி, தரையில் ஒரு கறை, கதவுத் தாழ்ப்பாளில் சிக்கிய கரும்பச்சைத் துணி இழை, கம்பளத்தில் சிந்திய மெழுகு என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு இரவுகளில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை நடந்த எவருக்கும் அந்த மெழுகுத் துளி எதைச் சொல்லும் என்பது புவாரோ விளக்குவதற்கு முன்பே புரிந்துவிடும். இந்தப் பொருட்களில் கொலைக்கு உண்மையிலேயே தொடர்புடையவை சிலதான். மற்றவை, அந்த இரவில் வேறு வேறு காரணங்களுக்காக வேறு வேறு ஆட்கள் செய்த காரியங்களின் மிச்சங்கள். ஒரு கொலையாளி விட்டுச்சென்ற தடயங்களை மட்டும் தேடினால் கணக்கு ஒருபோதும் சரிவராது. அந்த வீட்டிலிருந்த எல்லோருடைய இரவையும் தனித்தனியாகக் கட்டியெழுப்பி, ஒவ்வொரு தடயத்தையும் அதற்குரியவரிடம் ஒப்படைத்த பின்னர் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே கொலை. நான் படித்த மாளிகைக் கொலை நாவல்களில் இந்தக் கழித்தல் கணக்கை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவை குறைவு.

இதற்கு ஒரு பெரிய வீடு தேவைப்படுகிறது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடொன்றில் இந்தக் கதையை நடத்தியிருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் வழியாக வரும் இடத்தில், இரவு இரண்டு மணிக்கு யார் கதவு திறந்தது என்பதைக் காவலாளியே சொல்லிவிடுவார். மாளிகை என்பது மறைப்பதற்கென்றே அமைந்த கட்டடம். இரண்டு பக்கச் சிறகுகள், ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் உட்கதவுகள், வேலையாட்களுக்கென்று தனியான பகுதி, யாரும் பார்க்காமல் நிற்கக்கூடிய மாடிப்படி வளைவுகள். கறுவாத்தோட்டத்தில் இன்னும் இடிபடாமல் நிற்கும் சில பழைய பங்களாக்களையோ, நுவரெலியாப் பக்கத்துத் துரை பங்களாக்களையோ உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாக இருக்கும். அவற்றைக் கட்டியவர்கள் ஸ்டைல்ஸ் போன்ற வீடுகளை மனதில் வைத்தே கட்டினார்கள். கிறிஸ்டி இந்தக் கட்டடத்தைச் சொற்களால் வர்ணித்து நேரத்தை வீணாக்கவில்லை. படுக்கையறைகள் உள்ள மாடியின் வரைபடமொன்றையும் இறந்தவரின் அறையின் வரைபடமொன்றையும் கதைக்குள்ளேயே தந்துவிடுகிறார். எரிந்த தாள் துண்டும், கையால் எழுதிய கடிதமும் அவ்வாறே படமாக வருகின்றன. புவாரோவின் கையில் இருப்பது நம் கையிலும் இருக்கிறது என்ற உணர்வை அவை தருகின்றன.

நஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு அந்நியமானதன்று. ஸ்ட்ரிக்னைன் எடுக்கப்படும் எட்டி மரம், காஞ்சிரை என்றும் நம்மவர்கள் அழைக்கும் அதே மரம், இந்தியாவிலும் இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும் இயல்பாக வளர்வது. அதன் கொட்டையைச் சுத்திசெய்து சித்த மருத்துவர்கள் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். கதை நடக்கும் காலத்தில் ஆங்கிலேயரும் அதை மிகச் சிறிய அளவில் உடலுக்குத் தெம்பு தரும் மருந்தாகக் குடித்தார்கள். ஆகவே நஞ்சு வெளியிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட வேண்டிய ஒன்றாக இல்லாமல், வீட்டு அலுமாரியில் உரிமையோடு இருக்கும் பொருளாகிறது. மருந்தகத்தில் வேலை செய்த கிறிஸ்டிக்கு இந்த எல்லைக்கோடு நன்றாகத் தெரிந்திருந்தது. எட்டியின் கசப்பு எவ்வளவு நீர்த்தாலும் நாக்கில் தெரியும் என்பது, அதை எதில் கலந்து கொடுத்திருக்க முடியும் என்ற கேள்வியை எழுப்புகிறது. பிரித்தானிய மருந்தாளர்களின் சஞ்சிகையான ‘ஃபார்மசூட்டிக்கல் ஜேர்னல்’ இந்த நாவலைப் பாராட்டி மதிப்புரை எழுதியதும், அதைக் கிறிஸ்டி தமக்குக் கிடைத்த பெரிய கௌரவமாகக் கருதியதும் இந்தத் துல்லியத்தினால்தான்.

வள்ளுவர் நன்றியில்செல்வம் அதிகாரத்தில், ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்கிறார். பிறரால் விரும்பப்படாதவனுடைய செல்வம் ஊர் நடுவே நச்சுமரம் பழுத்ததைப் போன்றது. எமிலி இங்கிள்தோர்ப் கஞ்சத்தனம் உள்ளவர் அல்லர். ஊருக்கும் உறவுக்கும் அள்ளிக் கொடுத்தவர். ஆனால் கொடுத்ததை யாரும் மறந்துவிட அவர் விட்டதில்லை, அதனாலேயே அன்பை இழந்தார் என்று அவரோடு நெடுங்காலம் இருந்த தோழி எவலின் ஹவார்ட் ஓரிடத்தில் சொல்கிறார். நடுவூரில் பழுத்து நின்ற அந்தச் செல்வத்தைச் சுற்றி எல்லோரும் ஏன் இத்தனை மௌனமாக இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும். கொடுப்பவரின் கையை எதிர்பார்த்து வாழும் வீட்டில் உண்மை பேசுவது செலவு கூடிய காரியம். நாவலின் சிறு பொய்கள் பெரும்பாலும் அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்தவையே.

கொழும்பில் இருந்து படிப்பதால் நழுவிப்போகக்கூடிய தடயம் ஒன்றும் உண்டு. இறந்தவரின் அறைக் கணப்படுப்பில் சாம்பல் கிடக்கிறது. அன்றைய நாள் எவ்வளவு வெப்பமானது என்பதைப் பின்னர் புவாரோ கணக்கோடு சொல்கிறார்: நிழலில் 80 பாகை. அது ஃபாரன்ஹைட் அளவு. செல்சியஸில் ஏறத்தாழ 27 பாகை. அப்படிப்பட்ட நாளில் யாராவது தீ மூட்டுவார்களா என்பதே அவருடைய கேள்வி. ஆங்கில வாசகர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். பகலில் 30 பாகை வழக்கமாகிவிட்ட நமக்கோ 27 பாகை என்பது மழை பெய்து ஓய்ந்த மாலை. கணப்படுப்பு என்பது நுவரெலியா விடுதியில் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இடம். அந்தத் தகவலின் எடை நம் கையில் இறங்குவதில்லை. போதாததற்கு, போர்க்காலச் சிக்கனத்தால் அந்த வீட்டில் ஒரு துண்டுத் தாள்கூட வீசப்படாமல் சேர்த்து வைக்கப்பட்டு மூட்டைகளில் அனுப்பப்படுகிறது என்பதை வீட்டார் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர் ஓர் அடி முன்னே போய்விடுவார். தேநீர் வேளை உரையாடல் என்று நினைத்துக் கண்ணை ஓட்டிவிட்டவருக்குக் கிறிஸ்டி இரங்குவதில்லை.

புவாரோவை நாம் திரையில் பார்த்துப் பழகியிருக்கிறோம்: முட்டை வடிவத் தலை, மெழுகிட்ட மீசை, தூசு படாத உடை. இந்த முதல் நாவலில் அவர் முதலில் ஓர் அகதி என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஜேர்மனியப் படையெடுப்பினால் பெல்ஜியத்தை விட்டு ஓடிவந்து, தன் நாட்டவர் சிலரோடு எமிலியின் தயவில் அந்தக் கிராமத்துக் குடிசையொன்றில் தங்கியிருக்கிறார். ஒரு காலத்தில் பெல்ஜியப் பொலிஸில் பெயர்பெற்றவர். இங்கே வந்தபின் அவர் யார் என்பதை ஹேஸ்டிங்ஸ் அடையாளம் கண்டு சொன்னால்தான் உண்டு. சொந்த ஊரில் அதிபராகவோ உயர் உத்தியோகத்தராகவோ இருந்துவிட்டு, இடம்பெயர்ந்து வந்து வாடகை அறையொன்றில் யார் வீட்டுத் தயவிலோ இருந்த பெரியவர்களை அறிந்த வாசகர்கள், அந்த மனிதர் தன் உடையிலும் மேசைப் பொருட்களின் ஒழுங்கிலும் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதை வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். கிறிஸ்டி அதை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். எனினும் தனக்குச் சோறு போட்டவளின் சாவுக்கு நீதி தேடுவது தன் கடன் என்று அவர் கருதுவதில் நகைச்சுவை ஏதுமில்லை.

அந்தக் கடனை அவர் நிறைவேற்றும் முறை குறிப்பிடத்தக்கது. ஊரும் வீடும் ஹேஸ்டிங்ஸும் ஒரே ஆளை நோக்கிக் கை காட்டுகிறார்கள். மருந்துக் கடையின் நச்சுப்பொருள் பதிவேட்டில் ஒரு கையொப்பம் இருக்கிறது; வேலைக்காரி டோர்காஸ் கதவுக்கு வெளியே நின்று கேட்ட சண்டை இருக்கிறது; வேறென்ன வேண்டும்? புவாரோ மட்டும் உடனே கைது செய்ய விடாமல் தடுக்கிறார். ஓர் உண்மை நம் கருத்தோடு பொருந்தவில்லையென்றால் கருத்தைத்தான் கைவிட வேண்டும், உண்மையை அன்று என்பது அவர் கொள்கை. ஒரு சிலம்பைக் கண்டவுடன் விசாரிக்காமல் தண்டித்த பாண்டியனைக் கண்ணகி ‘தேரா மன்னா’ என்றுதான் அழைத்தாள்; சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மணியா என்று காட்டியபோது வழக்கே தலைகீழாக மாறியது. சான்றை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றைச் சொல்லும், திறந்து பார்த்தால் வேறொன்றைச் சொல்லும் என்ற இந்தப் பழைய படிப்பினையின் சுவையை ஸ்டைல்ஸ் மாளிகையில் பல இடங்களில் உணரலாம். கிராமத்து மதுக்கடை விடுதியில் நடக்கும் மரண விசாரணையும் அப்படியே. திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பதவி இன்றைக்கும் நடைமுறையில் உள்ள நாட்டில் வாழும் நமக்கு, சாட்சிகள் ஒவ்வொருவராக எழுந்து பாதியை மட்டும் சொல்லிவிட்டு அமரும் அந்தக் காட்சி செய்தித்தாளில் படித்ததைப் போலவே இருக்கும்.

குறைகள் இல்லாமலில்லை. 1929இல் ரோனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவர் கண்டெடுத்த தடயத்தை உடனே வாசகருக்குக் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று, முடிவில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் சாதனங்கள் கூடாது என்பது இன்னொன்று. அந்தக் கட்டளைகளுக்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய இந்த நாவல் இரண்டோடும் உரசுகிறது. அறையில் கண்ட ஆறு விடயங்களில் ஆறாவதைப் புவாரோ அப்போதைக்குத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். கொலை நடந்த விதமோ, மருந்துக் கலவை பற்றிய அறிவு சிறிதாவது இல்லாதவர் ஊகிக்கக்கூடியதன்று. மருந்தாளராகப் பணியாற்றும் நண்பர் ஒருவருக்கு இந்த நூலைக் கொடுத்தபோது அவர் நடுவழியிலேயே முறையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆள் யார் என்பதை மட்டும் கடைசிவரை தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தார். முறையில் அவருக்குக் கிடைத்த வசதி மற்றவர்களுக்குக் கிடைக்காது என்றாலும், ஆளைக் கண்டுபிடிக்கத் தேவையானவை எல்லோருக்கும் பொதுவாகவே வைக்கப்பட்டுள்ளன.

ஹேஸ்டிங்ஸ் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறார். கண்ட பெண்களிடமெல்லாம் உருகுவதும், எதையும் தவறாகவே விளங்கிக்கொள்வதும் ஓர் அளவுக்கு மேல் சலிப்பைத் தருகின்றன. இதைவிடப் பெரிய உறுத்தல், யூதரான மருத்துவர் பௌவர்ஸ்டைனைப் பற்றி வீட்டார் உதிர்க்கும் பேச்சுகள். ஜோனின் மனைவி மேரி அதற்கு ஓர் எதிர்வார்த்தை சொல்கிறாள் என்பது உண்மையே. ஆனால் அந்த வர்க்கத்தின் வாடை நூல் முழுவதும் வீசுகிறது. வேலையாட்கள் விடயத்திலும் அப்படித்தான். டோர்காஸுக்குக் கண்ணும் காதும் நினைவாற்றலும் தரப்பட்டுள்ளன. அவளுடைய சாட்சியம் இல்லாமல் விசாரணை நகராது. ஆயினும் அவளுக்கென்று மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு இரகசியத்தைக் கொடுத்த ஆசிரியர், வேலைக்காரிக்கு விசுவாசத்தை மட்டும் கொடுத்ததோடு நின்றுவிட்டார். துரை பங்களாக்களின் குசினியிலும் தோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த மலையகக் குடும்பங்களில் பிறந்த வாசகர்களுக்கு இந்த வெற்றிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். மாளிகைக் கொலை நாவலின் நேர்த்தியான கணக்கு, அந்த வீட்டில் இருக்கும் சிலரை முழு மனிதர்களாக எண்ணாததால்தான் இவ்வளவு சுத்தமாக முடிகிறதோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தமிழ்வாணனின் சங்கர்லாலிலும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரிடத்திலும், மாதம்தோறும் வந்த மலிவுப் பதிப்பு நாவல்களிலும் வளர்ந்த நம் வாசிப்புக்கு இந்த நாவல் முதல் ஐம்பது பக்கங்களில் மெதுவாகத் தெரியலாம். அங்கே முதல் பக்கத்திலேயே பிணம் விழுந்துவிடும். துரத்தலும் உண்டு, வசனத்தில் மின்னலும் உண்டு. இங்கே தேநீர், பஸார், யார் யாரோடு நடந்து போனார்கள் என்பது போன்ற செய்திகள். மொத்தம் பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்ட நூலில் அந்தத் தொடக்கப் பகுதிகளை விரைந்து கடப்பவர், பின்னால் ஒவ்வொன்றுக்கும் திரும்பி வர நேரும். ஆங்கிலம் கடினமானதன்று. உரையாடலே அதிகம், வாக்கியங்கள் சிறியவை. உயர்தரம் முடித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு முழு நாவலை முதன்முறையாகப் படிக்க விரும்பும் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் நூல்களில் இதுவும் ஒன்று. முடிவு தெரிந்த பின்னர் இரண்டாம் முறை படிப்பது தனிச் சுவை. முதல் வாசிப்பில் ஒரு பாத்திரம் பேச்சை இடையில் நிறுத்தியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்போம். இரண்டாம் வாசிப்பில் அதே இடம் அவமானமாகவோ ஏக்கமாகவோ தெரியும். கொலையைப் பற்றிய ஆர்வம் தீர்ந்த பிறகும் அந்தக் குடும்பத்தைப் பற்றிய ஆர்வம் தீராமலிருப்பது, புதிர் மட்டுமே உள்ள நாவல்களில் வாய்ப்பதில்லை.

கொழும்பில் இந்த நூலைப் பெறுவது கடினமில்லை. பெரிய புத்தகக் கடைகளில் கிறிஸ்டிக்கென்றே ஒரு தட்டு இருக்கும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலையிலும் கிடைக்கும். விலை யோசிக்க வைத்தால் மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் சற்று நேரம் செலவழித்துத் தேடலாம். எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் மாடியின் வரைபடமும் அறையின் வரைபடமும் பிரதியில் இருக்கின்றனவா, கோடுகள் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பொன்றில் அறையின் வரைபடம் கறுப்புத் திட்டாகவே இருந்தது, மூன்றாவது கதவு எங்கே இருக்கிறது என்பதை உரையாடல்களிலிருந்தே ஊகிக்க வேண்டியிருந்தது. முன்னுரை சேர்த்த பதிப்புகளில் அந்த முன்னுரையைக் கதையை முடித்த பின்னர் படிப்பது நல்லது. கொலையாளியின் பெயரை நேரடியாகச் சொல்லாவிட்டாலும், வழக்கின் திருப்பத்தைப் போகிறபோக்கில் உடைத்துவிடும் முன்னுரைகள் சில பதிப்புகளில் உண்டு.